ஏஜென்ட்ஸ்.எம்டி பொய் சொல்கிறதா? பைப்லைனிலேயே பிடிப்பது எப்படி

இன்று பல ரெப்போக்களில் (கோடு வைக்கும் கிட் களஞ்சியங்களில்) ரீட்மீக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பும் இருக்கிறது: நமக்காகக் கோடு எழுதும் ஏஐ ஏஜென்ட்டுக்கான குறிப்புகள். கோடெக்ஸ், கர்சர் போன்ற பல கருவிகள் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பைப் படிக்கின்றன. கிளாட் கோடுக்கு கிளாட்.எம்டி. கோபைலட்டுக்கு .கிட்ஹப் ஃபோல்டருக்குள் தனிக் கோப்பு. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது வெறும் மார்க்டவுன்தான்: பில்ட் செய்வது எப்படி, டெஸ்ட் ஓட்டுவது எப்படி, எந்த ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது. (கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், உங்கள் ரெப்போவில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் இருக்கும்.)

கோடில் தப்பு இருந்தால் கம்பைலர் சொல்லும், டெஸ்ட் விழும். இந்தக் கோப்பில் தப்பு இருந்தால் சொல்ல ஆளில்லை. ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். ‘யூனிட் டெஸ்ட்டுக்கு என்பிஎம் ரன் டெஸ்ட்:யூனிட்’ என்று ஏஜென்ட்ஸ்.எம்டி-யில் ஒரு வரி. ஒரு நாள் யாரோ, என்பிஎம் ஸ்கிரிப்ட்களின் பட்டியல் இருக்கும் பேக்கேஜ்.ஜேசனில் அந்த ஸ்கிரிப்ட்டின் பெயரை டெஸ்ட்:ஃபாஸ்ட் என்று மாற்றுகிறார். பில்ட் பச்சை. ரிவ்யூ முடிந்து மெர்ஜும் ஆகிவிட்டது. மறுநாள் ஏஜென்ட் பழைய கட்டளையை ஓட்டுகிறது. அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது என்பிஎம். அதிர்ஷ்டம் இருந்தால் ஏஜென்ட் பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து புதுப் பெயரைத் தேடிக்கொள்ளும்; கொஞ்சம் டோக்கன் வீண், அவ்வளவுதான். இல்லையென்றால் ‘ஸ்கிரிப்ட் விட்டுப்போயிருக்கிறது போல’ என்று தானே ஒன்றைச் சேர்த்து, அதையும் உங்கள் புல் ரிக்வெஸ்ட்டில் (மெர்ஜுக்கு முன் ரிவ்யூவுக்கு வரும் மாற்றத் தொகுப்பில்) கொண்டுவந்து நீட்டும்.

இந்தக் கதையில் குறிப்புக் கோப்பை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் கெடுகின்றன: பக்கத்தில் வேறு எதையோ திருத்தும்போது. அதனால் ஏஜென்ட்ஸ்.எம்டி மாறும்போது மட்டும் ஓடும் சோதனையால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும், ரெப்போவில் நிஜமாக இருப்பதோடு கோப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கீழே வருவது எல்லாமே அதற்கான வேலைதான்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (மாற்றம் வரும்போதெல்லாம் தானாகச் சோதனைகளை ஓட்டும் பைப்லைன் சேவை) ஓடும் ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கிட்லேப் என்றாலும் பைத்தான் என்றாலும் யோசனை ஒன்றேதான். ஸ்கிரிப்ட்டை அழைக்கும் யாமல் அமைப்புக் கோப்பும் தேட வேண்டிய இடமும் மாறும்.

படி 1: கோப்புகளைக் கணக்கெடுங்கள்

ரெப்போவில் என்னென்ன குறிப்புக் கோப்புகள் இருக்கின்றன என்று முதலில் தேடிப் பாருங்கள். வேரில் ஒன்று, உள் ஃபோல்டரில் ஒன்று, பழைய கர்சர் விதிக் கோப்பு ஒன்று, யாரோ முயற்சி செய்துவிட்டுப் போன கோபைலட் கோப்பு ஒன்று என்று எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஏஜென்ட்ஸ்.எம்டி-யைப் பொறுத்தவரை, திருத்தப்படும் கோப்புக்கு அருகில் இருப்பதற்கே முதலிடம். எனவே உள் ஃபோல்டரில் மறந்துபோய்க் கிடப்பது, வேரில் நீங்கள் அழகாகப் பராமரிப்பதை மீறிவிடும்.

பெயரின் எழுத்து வடிவத்தையும் பாருங்கள். மேக்கில் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. பைப்லைன் ஓடும் லினக்ஸில் உண்டு. உங்கள் மடிக்கணினியில் ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும் கோப்பு அங்கே கண்ணில் படாமல் போகலாம்.

ஒரே விஷயத்தை இரண்டு கோப்புகளில் எழுதாதீர்கள். ஏஜென்ட்ஸ்.எம்டி-யை மூலமாக வைத்துக்கொண்டு, கிளாட்.எம்டி-யில் அதை இறக்குமதி செய்யும் ஒற்றை வரியைப் போட்டால் போதும். @ குறியும் கோப்புப் பெயரும். சிலர் சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போடுவார்கள். விண்டோஸில் வேலை செய்பவர் குழுவில் இருந்தால் அது வேண்டாம். அங்கே கிட் அமைப்பைப் பொறுத்து, சிம்லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் பாதையின் பெயர் மட்டும் எழுதிய ஒரு சாதாரணக் கோப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: கட்டளைகள் நிஜமா?

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்யுங்கள். ஏஜென்ட் இந்தக் கோப்பிலிருந்து எடுத்து நேரடியாக ஓட்டுவது கட்டளைகளைத்தான். பழசாகிப் போவதிலும் அவைதான் முதலில் நிற்கும்.

முதலில் குழுவுக்குள் ஒரு வழக்கம் வையுங்கள்: கட்டளை எதுவாக இருந்தாலும் பேக்டிக் (`) குறிகளுக்குள் அல்லது கோடு பிளாக்குக்குள் மட்டும்தான் எழுத வேண்டும். வாக்கியத்துக்குள் சும்மா கலந்து எழுதினால் ஸ்கிரிப்டால் பிரித்தெடுக்க முடியாது.

அப்புறம் நோடில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். கோப்பை வரி வரியாகப் படிக்கட்டும். பேக்டிக்குள்ளும் கோடு பிளாக்குக்குள்ளும் இருப்பதை எடுக்கட்டும். ‘என்பிஎம் ரன்’ என்று தொடங்கினால் அடுத்து வரும் சொல்தான் ஸ்கிரிப்ட்டின் பெயர். பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகட்டும். முதல் தப்பிலேயே நின்றுவிட்டால் திருத்துபவர் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு தப்பாவது இருந்தால் 1 என்ற வெளியேறு எண்ணோடு முடியட்டும். பூஜ்யம் அல்லாத எண் வந்தாலே பைப்லைன் அந்தப் படியைச் சிவப்பாக்கிவிடும்.

செய்தியை எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘சோதனை தோல்வி’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது. இப்படி இருக்கட்டும்:

ஏஜென்ட்ஸ்.எம்டி, வரி 14: ‘டெஸ்ட்:யூனிட்’ என்ற ஸ்கிரிப்ட் பேக்கேஜ்.ஜேசனில் இல்லை. இருப்பவை: டெஸ்ட், டெஸ்ட்:ஃபாஸ்ட், லிண்ட், பில்ட்.

இந்தச் செய்தியைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏஜென்ட்ஸ்.எம்டி-யைத் திறந்தே பார்க்காதவர். அவர் பேக்கேஜ்.ஜேசனில் ஒரு பெயரை மாற்றியிருப்பார், அவ்வளவுதான். எந்தக் கோப்பு, எந்த வரி, எதைப் போடலாம் என்று மூன்றும் கையில் கிடைத்தால் முணுமுணுக்காமல் திருத்திவிட்டுப் போவார்.

விதிவிலக்குகள் சில உண்டு. டெஸ்ட், ஸ்டார்ட் போன்ற சிலவற்றை ‘ரன்’ இல்லாமலே ஓட்டலாம். அதையும் உங்கள் ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ள வேண்டும். மோனோரெப்போ (பல திட்டங்கள் ஒரே ரெப்போவில்) என்றால் எந்த பேக்கேஜ்.ஜேசன் என்ற கேள்வி வரும். குறிப்புக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கிப் போய் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். மேக்ஃபைல் பயன்படுத்தினால் அதன் டார்கெட் பெயர்களோடும் இதே மாதிரி ஒப்பிடலாம்.

கூடவே இன்னும் இரண்டு ஒப்பீடுகளைச் சேர்த்துவிடுங்கள், வேலை ரொம்பக் கம்மி. குறிப்பில் என்பிஎம் என்று இருந்து ரெப்போவில் இன்னொரு பேக்கேஜ் கருவியான பிஎன்பிஎம்-இன் லாக் கோப்பு (நிறுவிய பதிப்புகளின் பதிவு) இருந்தால் எச்சரிக்கை. ஏஜென்ட் என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டினால் இரண்டாவது லாக் கோப்பு ஒன்று முளைக்கும். அதை ரிவ்யூவில் யாரும் கவனிப்பதில்லை. அதேபோல, குறிப்பில் ‘நோட் 18’ என்று எழுதியிருந்து, நோட் பதிப்பைச் சொல்லும் .என்விஎம்ஆர்சி கோப்பில் வேறு எண் இருந்தால் எச்சரிக்கை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குறிப்பில் இருக்கும் கட்டளைகளை ஓட்டிப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ‘ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்த்தால் என்ன’ என்று தோன்றும். அந்தக் கோப்பு முன்பின் தெரியாதவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டிலிருந்து வந்திருக்கலாம். உள்ளே டிப்ளாய் கட்டளையும் இருக்கலாம். பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தால் போதும்.

படி 3: பாதைகள்

பேக்டிக்குள் சாய்கோடு வரும் சொல்லை எல்லாம் ஃபோல்டர் அல்லது கோப்புப் பாதை என்று எடுத்துக்கொண்டு, அது டிஸ்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பில்ட்டுக்குப் பிறகே உருவாகும் ஃபோல்டர்கள் இதில் மாட்டும். டிஸ்ட் ஃபோல்டர் கிட்டில் இருக்காது, ஆனால் ‘அதைக் கையால் திருத்தாதே’ என்ற குறிப்பு நியாயமானதுதான். அதற்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாகவே இருக்கட்டும்.

கோபைலட்டின் தனித்தனிக் குறிப்புக் கோப்புகளிலும் கர்சரின் விதிக் கோப்புகளிலும், எந்தெந்தக் கோப்புகளுக்கு இந்தக் குறிப்பு பொருந்தும் என்று தலைப்பகுதியில் ஒரு குளோப் வடிவம் (நட்சத்திரக் குறியால் பல கோப்புகளைக் குறிப்பது) எழுதலாம். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் அந்த வடிவத்துக்குள் ஒரு கோப்பும் வராது. பிழைச் செய்தி எதுவும் வராது, விதி ஊமையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் குறைந்தது ஒரு கோப்பாவது பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கிரிப்ட்டில் சில வரிகள்தான்.

இணைப்புகளுக்கு லைச்சி என்ற கருவி இருக்கிறது. புல் ரிக்வெஸ்ட்டில் ஆஃப்லைன் முறையில் ஓட்டினால் ரெப்போவுக்குள் உள்ள இணைப்புகளை மட்டும் பார்க்கும். வெளித் தளங்களைச் சோதிப்பதை இரவு ஓட்டத்துக்குத் தள்ளுங்கள். எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டதற்காக இங்கே ஒருவரின் மெர்ஜ் நிற்கக் கூடாது.

படி 4: அளவு

குறிப்புக் கோப்புகள் வளர்ந்துகொண்டே போகும். ஏஜென்ட் ஒவ்வொரு முறை தப்பு செய்யும்போதும் யாராவது ஒரு வரி சேர்ப்பார். எடுப்பவர் யாரும் இல்லை. கருவிகளுக்கு வரம்பு உண்டு. கோடெக்ஸ் தன் இயல்பு அமைப்பில் மொத்தம் 32 கேபி வரைதான் இந்தக் கோப்புகளைச் சேர்க்கும். கோபைலட்டின் கோடு ரிவ்யூ ஒரு குறிப்புக் கோப்பின் முதல் 4,000 எழுத்துகளை மட்டும் படிக்கும். கிளாட் கோடு ஆவணங்களில் ஒரு கோப்பை 200 வரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஸ்கில்.எம்டி (ஏஜென்ட்டுக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுக்கொடுக்கும் கோப்பு) எழுதுகிறீர்கள் என்றால் விதி இன்னும் கறார்: பெயர் 64 எழுத்துக்குள், ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு மட்டும், ஃபோல்டர் பெயரும் அதுவே, விளக்கம் 1,024 எழுத்துக்குள்.

இந்த எண்கள் கருவியோடு மாறக்கூடியவை. ஸ்கிரிப்ட்டுக்குள் புதைக்காமல் ஒரு அமைப்புக் கோப்பில் வையுங்கள்.

குறிப்புகளைத் தமிழில் எழுதும் குழுக்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொ’ என்பது திரையில் ஒரே எழுத்து. உள்ளே ககரமும் துணைக்குறியும் சேர்ந்து 6 பைட். 32 கேபி என்பது 32,768 பைட். அதில் தமிழ்க் குறியீடுகள் 11,000 கூடத் தேறாது. ஆகவே பைட்டில் உள்ள வரம்பைப் பைட்டாகவும் எழுத்தில் உள்ள வரம்பை எழுத்தாகவும் தனித்தனியே எண்ணுங்கள். டபிள்யூசி கட்டளையில் இரண்டுக்கும் வேறு வேறு சுவிட்ச்: முதலாவதற்கு சி, அடுத்ததற்கு எம்.

படி 5: கண்ணுக்குத் தெரியாதவை

2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ட்ரோஜன் சோர்ஸ்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். எழுத்து ஓடும் திசையை மாற்றும் யூனிகோட் குறிகளைக் கோடுக்குள் ஒளித்து வைத்தால், மனிதர் படிப்பது ஒன்றும் கம்பைலர் எடுத்துக்கொள்வது இன்னொன்றுமாக ஆகிவிடும். 2025 மார்ச்சில் பில்லர் செக்யூரிட்டி நிறுவனம் இதே சங்கதியை கர்சர், கோபைலட் விதிக் கோப்புகளில் செய்து காட்டியது. ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கு அந்த வரியில் ஒன்றும் இருக்காது. மாடல் மட்டும் அதைப் படிக்கும்.

எனவே திசை மாற்றும் குறிகள், அகலமே இல்லாத இடைவெளி, யூனிகோடின் ‘டேக்’ எழுத்துகள் என்ற மூன்று கூட்டத்தில் எது தட்டுப்பட்டாலும் உடனே சிவப்பு. இதில் எச்சரிக்கை என்ற நடுநிலையே வேண்டாம். வரி எண்ணோடு குறியின் யூனிகோட் எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடச் சொன்னால் பாவம், திருத்துபவர் எங்கே தேடுவார்?

இங்கேயும் தமிழுக்கு ஒரு சிக்கல். க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்க, ‘ஆக்‌ஷன்’ போன்ற சொற்களில் நடுவே இணைப்பைத் தடுக்கும் அகலமற்ற குறி ஒன்றைப் பலர் போடுகிறார்கள். சில விசைப்பலகைகள் தாமாகவே போட்டுவிடும். அது முறையான எழுத்துமுறைதான். சில ஈமோஜிகளுக்குள்ளும் இதன் உறவுக்காரக் குறி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தயார் ஸ்கிரிப்ட்டை அப்படியே போட்டால் உங்கள் தமிழ்க் குறிப்பெல்லாம் சிவப்பாகலாம். இரு பக்கமும் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் அந்தக் குறியை அனுமதிக்கும்படி விதியைத் தளர்த்துங்கள். மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள்.

பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி தேடுவதற்கு கிட்லீக்ஸ் என்ற கருவி போதும். ‘லோக்கலில் ஓட்ட இந்த டோக்கனைப் பயன்படுத்து’ என்று ஏஜென்ட்டுக்கு அன்போடு எழுதி வைப்பவர்கள் உண்டு. ஆக்‌ஷன்ஸின் செக்கவுட் படி, இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். பழைய கமிட்டுகளையும் தேட வேண்டுமென்றால் ஃபெட்ச் ஆழத்தை 0 என்று கொடுக்க வேண்டும்.

படி 6: பைப்லைனில் மாட்டுதல்

வொர்க்ஃப்ளோ கோப்பு சின்னதுதான்: புல் ரிக்வெஸ்ட் வரும்போது ஓடு, கோடை இறக்கு, நோடை நிறுவு, ஸ்கிரிப்ட்டை ஓட்டு. அனுமதிப் பகுதியில் உள்ளடக்கத்தைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

பாத் ஃபில்டர் போடத் தோன்றும். ‘எம்டி கோப்பு மாறினால் மட்டும் ஓடட்டும்’ என்று. வேண்டாம். முதல் காரணம் மேலேயே சொன்னது: கோப்பு கெடுவது வேறு எதையோ மாற்றும்போது. இரண்டாவது காரணம் கிட்ஹப் வேலை செய்யும் விதம். கட்டாயம் என்று குறித்த ஒரு சோதனை, பாத் ஃபில்டரால் ஓடாமல் விடப்பட்டால், அது தேறியதாகக் கணக்கில் வராது. ‘காத்திருக்கிறது’ என்றே நிற்கும், மெர்ஜ் பட்டனும் திறக்காது. இந்த ஸ்கிரிப்ட் ஓடி முடிய சில நொடிதான்; எல்லாவற்றிலும் ஓடிவிட்டுப் போகட்டும்.

ஓப்பன் சோர்ஸ் ரெப்போ என்றால் இன்னொன்று. ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்துவைத்த நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு உங்கள் ரகசியச் சாவிகள் போகாது. அது பாதுகாப்புக்காகவே அப்படி. சாவி வேண்டுமே என்று ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ என்ற நிகழ்வுக்கு மாறி, அதில் ஃபோர்க்கின் கோடை இறக்கி ஓட்டினால், வீட்டுச் சாவியை வாசலில் நிற்பவரிடம் கொடுத்த மாதிரிதான். இதுவரை சொன்ன சோதனைகளில் எதற்கும் சாவி தேவையில்லை என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கோட்ஓனர்ஸ் கோப்பில் குறிப்புக் கோப்புகளுக்கு ஒரு பொறுப்பாளரையும் போட்டுவிடுங்கள். ‘எழுதியிருப்பது உண்மையா’ என்பதை ஸ்கிரிப்ட் பார்க்கும். ‘இதை ஏன் எழுத வேண்டும்’ என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

படி 7: மாடலை வைத்துச் சோதிப்பது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்க ஆசைப்படுகிறார்கள்: குறிப்புக் கோப்பை இன்னொரு மாடலிடம் கொடுத்து ‘பத்துக்கு எவ்வளவு’ என்று கேட்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே கோப்புக்கு இன்று 7, நாளை 8 வரும். 7 வாங்கியவர் எதைத் திருத்த வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. முரண்பாடுகளைக் கண்டுபிடிக்க மாடலைக் கேட்கலாம். ஒரு இடத்தில் ‘எல்லா மாற்றத்துக்கும் டெஸ்ட் எழுது’, இன்னொரு இடத்தில் ‘கேட்டால் ஒழிய டெஸ்ட் கோப்பைத் தொடாதே’ என்று இருந்தால் அதை நன்றாகவே பிடிக்கும். அந்தப் பதில் புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு கருத்தாக வரட்டும். மெர்ஜைத் தடுக்கும் அதிகாரம் வேண்டாம்.

உருப்படியான வழி, ஏஜென்ட்டுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து விளைவைச் சோதிப்பது. ‘ஜெனரேட்டட் ஃபோல்டரைத் தொடாதே’ என்பது விதி என்று வையுங்கள். அந்த ஃபோல்டரைத் தொடத் தூண்டும் ஒரு வேலையைக் கொடுங்கள். முடிந்ததும் கிட் டிஃப் எடுத்து, அந்தப் பாதையில் மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்ப்பு சொல்வது கிட், மாடல் இல்லை. முக்கியமான விதிகளுக்கு மட்டும் இப்படி எழுதினால் போதும். இந்த மாதிரிச் சோதனைகளைக் கோத்து ஓட்ட ப்ராம்ப்ட்ஃபூ போன்ற கருவிகள் இருக்கின்றன; ஆரம்பத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டே தாங்கும்.

மாடலின் போக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஒவ்வொரு வேலையையும் பல முறை ஓட்டி, எத்தனை முறை தேறியது என்று குறித்து வையுங்கள். இதற்குக் காசு ஆகும், சாவியும் வேண்டும். இரவு ஓட்டமாக, மெயின் கிளையில் மட்டும் வையுங்கள். ஒரு விதியை அழித்த பிறகும் அதே அளவு தேறுகிறது என்றால், அந்த வரியைத் தயங்காமல் எடுத்துவிடலாம். படி 4இல் சொன்ன பெருத்த கோப்பை இளைக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம்

பழைய ரெப்போவில் இதை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே வரிசையாகச் சிவப்பு வரும். அன்றைக்கே கட்டாயமாக்கினால் குழுவில் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். அந்தப் படிக்கு ‘பிழை வந்தாலும் தொடர்’ என்ற அமைப்பைப் போட்டு, தடுக்காமல் ஓட விடுங்கள். இருக்கும் தப்புகளை நீங்களே ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் சுத்தம் செய்யுங்கள். திருத்துவதைவிட அழிப்பதே பல இடங்களில் சரியாக இருக்கும். ஸ்கிரிப்ட் பட்டியல் முழுவதையும் குறிப்பில் நகலெடுத்து வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, ‘கட்டளைகளுக்கு பேக்கேஜ்.ஜேசனைப் பார்’ என்று ஒரு வரி போதும். அந்த வரி லேசில் பழசாகாது.

சுத்தமானதும் அந்த அமைப்பை எடுத்துவிட்டு, ரெப்போவின் செட்டிங்ஸில் கிளைப் பாதுகாப்பு விதிக்குப் போய் இந்தச் சோதனையைக் கட்டாயப் பட்டியலில் சேருங்கள். தேடினால் பெயர் வரவில்லையா? கடந்த 7 நாளுக்குள் அந்த ரெப்போவில் ஓடியிருந்தால்தான் கிட்ஹப் அதைத் தேடலில் காட்டும். ஏதாவது ஒரு சின்ன புல் ரிக்வெஸ்ட் போட்டு ஒரு முறை ஓடவிட்டுத் திரும்பத் தேடுங்கள், வந்துவிடும்.